பாட்டியை எந்தச் சொல்லால் சொல்வது?

"மை கிராண்ட்மதர் இஸ் ஸ்பீச்லெஸ் ஃபார் த்ரீ இயர்ஸ்."

படிவம் 5 மாணவி ஒருவர் எழுதிய ஆங்கிலக் கட்டுரையின் மூன்றாவது வரி இது. தலைப்பு, 'நான் போற்றும் ஒருவர்'. தெலுக் பங்லிமா காராங்கில், கிள்ளான் – பந்திங் சாலையோரக் கடைவரிசை ஒன்றின் மாடியில் நான் டியூஷன் வகுப்பு நடத்துகிறேன். கொள்கலன் லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிரும். மாணவர்களில் பாதிப் பேரின் பெற்றோர் இங்குள்ள தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். வாரம் ஒரு கட்டுரை எழுதி வர வேண்டும் என்பது என் வகுப்பின் சட்டம்.

அந்த வரியில் சிவப்புப் பேனாவால் இரண்டு வட்டம் போட்டேன். ஒன்று 'இஸ்' என்ற சொல்லுக்கு. இன்னொன்று 'ஸ்பீச்லெஸ்' என்ற சொல்லுக்கு. போட்டதோடு விடாமல், ஓரத்தில் "மூன்று ஆண்டுகளாகவா அதிர்ச்சியில் இருக்கிறார்?" என்றும் எழுதி வைத்தேன். எழுதும்போது நகைச்சுவையாகத்தான் தெரிந்தது.

தாளைத் திருப்பிக் கொடுத்ததும் அந்தப் பெண் மேசை அருகே வந்து நின்றாள்.

"டீச்சர், பாட்டிக்கு ஸ்ட்ரோக் வந்து மூணு வருஷம் ஆச்சு. அதிலேருந்து பேச்சு வரல. நாம பேசுறது எல்லாம் புரியும். பதில்தான் சொல்ல முடியாது. அதுக்கு என்ன வேர்ட் போடணும் டீச்சர்?"

எனக்கு வாய் எழவில்லை. அந்தச் சில விநாடிகளுக்கு 'ஸ்பீச்லெஸ்' என்ற சொல் அவள் பாட்டிக்குப் பொருந்தாவிட்டாலும் எனக்கு மிகச் சரியாகப் பொருந்தியது.

தாளை மறுபடி வாங்கிப் பார்த்தேன். அந்தச் சொல்லுக்கு முன்னால் வேறொரு சொல் எழுதி அடிக்கப்பட்டிருந்தது. 'டம்ப்'. அகராதியில் 'ஊமை' என்று தேடியபோது முதலில் அதுதான் வந்ததாம். "அத எழுத மனசு வரல டீச்சர். முட்டாள்னு திட்டத்தானே எல்லாரும் அதச் சொல்றாங்க" என்றாள்.

பதினேழு வயதுப் பிள்ளை தன் பாட்டிக்காக ஒரு சொல்லை எழுதி, அடித்து, இன்னொன்றைத் தேடியிருக்கிறாள். நானோ வட்டம் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருக்கிறேன். இந்த வாரக் கட்டுரை அவள் கேட்ட கேள்விக்கான பதில். அவளும் அவள் அம்மாவும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள்.

சொல் எப்படி அமைந்தது?

'ஸ்பீச்' என்றால் பேச்சு. 'லெஸ்' என்றால் இல்லாத. இரண்டையும் சேர்த்தால் பேச்சில்லாத. அந்தப் பெண் இப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறாள். கணக்கில் பிழையில்லை.

இந்த 'லெஸ்' பற்றி ஒரு செய்தி. 'குறைவு' என்று பொருள்படும் 'லெஸ்' வேறு, சொல்லின் கடைசியில் ஒட்டும் 'லெஸ்' வேறு. எழுத்து ஒன்றுதான், பிறப்பு ஒன்றல்ல. பின்னொட்டாக வருவது பழைய ஆங்கிலத்தின் 'லேயஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கு 'விடுபட்ட', 'அற்ற' என்று பொருள். தளர்ந்த என்று பொருள்படும் 'லூஸ்' என்ற சொல் அதற்கு உறவு. ஆகவே 'ஹோம்லெஸ்' என்பவருக்கு வீடு குறைவு என்று பொருளல்ல, வீடே இல்லை.

ஆனால் இந்தப் பின்னொட்டை மட்டும் நம்பிப் பொருள் சொல்ல முடியாது. 'பிரைஸ்லெஸ்' என்பதை விலையில்லாதது என்று பிரித்து, மதிப்பற்றது என்று எழுதிய மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். உண்மையில் அது விலை மதிக்க முடியாத அளவுக்கு உயர்ந்தது. மதிப்பற்றதற்கு 'வொர்த்லெஸ்' இருக்கிறது. சொற்களுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று, ஊரார் கூப்பிடும் பெயர் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'ஸ்பீச்லெஸ்' என்பதை இன்றைய ஆங்கிலத்தில் ஊரார் எப்படிக் கூப்பிடுகிறார்கள்? பேசக்கூடிய ஒருவர், வியப்பிலோ கோபத்திலோ மகிழ்ச்சியிலோ அதிர்ச்சியிலோ, சற்று நேரத்துக்குப் பேச முடியாமல் போவது. சற்று நேரத்துக்கு என்பதைத் தடித்த எழுத்தில் படியுங்கள். ஏதோ ஒன்று நடந்திருக்க வேண்டும். அது பேச்சைப் பறித்திருக்க வேண்டும். பேச்சு திரும்பி வரப்போகிறது என்பதும் சொல்லாமலே அதற்குள் அடங்கியிருக்கிறது.

பாட்டிக்கு அது பொருந்தாததற்குக் காரணம் இந்தக் கடைசிப் பகுதிதான்.

நானூறு ஆண்டு தாமதம்

வீட்டுக்குப் போய், அவள் எழுதியது முழுக்கத் தவறுதானா என்று தேடினேன். ஆங்கிலத்தில் பழைய வழக்கை அறிய 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலிய மொழிபெயர்ப்பு ஒரு நல்ல சாட்சி. மதம் எதுவாக இருந்தாலும் மொழி படிப்பவர்கள் அதைப் புரட்டிப் பார்க்கலாம். அதன் புதிய ஏற்பாட்டில் 'ஸ்பீச்லெஸ்' என்ற சொல்லை மூன்று இடங்களில் கண்டேன்.

ஒன்று, மத்தேயு 22-ஆம் அதிகாரம். கல்யாண விருந்துக்கு உரிய உடை இல்லாமல் வந்தவனை அரசன் கேள்வி கேட்கிறான், அவனிடம் பதில் இல்லை. இரண்டாவது, அப்போஸ்தலர் நடபடிகள் 9-ஆம் அதிகாரம். தமஸ்கு செல்லும் வழியில் சவுலோடு போனவர்கள் குரல் கேட்டு, ஆளைக் காணாமல் திகைத்து நிற்கிறார்கள். மூன்றாவது, லூக்கா முதல் அதிகாரம். சகரியா என்ற முதிய ஆசாரியர் ஆலயத்துக்குள் தரிசனம் கண்டு வெளியே வருகிறார், பேச முடியவில்லை, கையால் சைகை காட்டுகிறார். அவருக்குக் குழந்தை பிறந்து பெயர் வைக்கும் நாள் வரை, பல மாதங்கள், பேச்சு வரவில்லை.

பதில் இல்லாதவன், திகைத்தவர்கள், பேசும் திறனையே இழந்தவர். 1611-இல் மூவருக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்தது. இப்போது அதே இடங்களை 1970-களில் வந்த என்.ஐ.வி. என்ற நவீன ஆங்கில மொழிபெயர்ப்பில் பாருங்கள். விருந்துக்கு வந்தவன் அதிலும் 'ஸ்பீச்லெஸ்'தான். சவுலோடு போனவர்களும் 'ஸ்பீச்லெஸ்'தான். சகரியா மட்டும் மாறிவிட்டார். அவருக்கு 'அன்ஏபிள் டு ஸ்பீக்', அதாவது பேச இயலாதவராக, என்று போட்டிருக்கிறார்கள்.

சொல்லின் பொருள் சுருங்கியதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பெண் தவறாக எழுதவில்லை, நானூறு ஆண்டு தாமதமாக எழுதிவிட்டாள். அடுத்த வகுப்பில் இதைச் சொன்னபோது முதல் தடவையாகச் சிரித்தாள்.

மூன்று மொழிக்காரர்களுக்கு ஒரு வசதி

நம் மாணவர்கள் மூன்று மொழியில் படிப்பதைச் சுமை என்று பலர் சொல்வார்கள். இந்த மாதிரிச் சொற்களில் அது வசதி. 'ஸ்பீச்லெஸ்' என்பதற்கு மலாயில் என்ன என்று வகுப்பில் கேட்டேன். "தெர்கெடு" என்றான் ஒருவன். "தெர்கமாம்" என்றாள் இன்னொருத்தி. "லிடா கெலு", நாக்கு மரத்துப்போய்விட்டது, என்றும் ஒரு குரல் வந்தது. 'பீசு' என்று யாருமே சொல்லவில்லை. அது பேச இயலாதவருக்குரிய சொல் என்பது அவர்களுக்குச் சொல்லித்தராமலே தெரிந்திருக்கிறது.

'தெர்கெடு', 'தெர்கமாம்' இரண்டிலும் முன்னால் நிற்கும் 'தெர்' என்பதைக் கவனியுங்கள். 'தெர்ஜாத்தோ' என்றால் தவறி விழுவது. 'தெர்தீடோர்' என்றால் தன்னை அறியாமல் தூங்கிவிடுவது. நாம் திட்டமிடாமல் நமக்கு நேர்வதை அந்த முன்னொட்டு காட்டுகிறது.

தமிழில் இதே வேலையை ஒரு துணைவினை செய்கிறது. 'வாயை அடைத்தான்' என்றால் ஒருவன் இன்னொருவனைப் பேசவிடாமல் செய்தான், பெரும்பாலும் காசு கொடுத்து. 'வாயடைத்துப் போனான்' என்றால் அவனுக்கு அது நேர்ந்தது. அந்தப் 'போனான்' இல்லாவிட்டால் பொருளே மாறிவிடும். 'எனக்குப் பேச்சு வரவில்லை' என்பதையும் பாருங்கள். 'நான் பேசவில்லை' என்று சொன்னால் அது என் முடிவு. 'எனக்குப் பேச்சு வரவில்லை' என்றால் பேச்சு தானாக வர வேண்டிய ஒன்று, வரவில்லை, நான் என்ன செய்வேன்?

ஆங்கிலத்துக்கு இப்படி முன்னொட்டும் இல்லை, துணைவினையும் இல்லை. அதனால் அது வினைச்சொல்லைக் கடன் வாங்குகிறது. அந்தச் செய்தி என்னை 'ஸ்பீச்லெஸ்' ஆக விட்டுவிட்டது என்பார்கள். அதற்கு 'லெஃப்ட் மி ஸ்பீச்லெஸ்'. கொஞ்சம் இலக்கிய நடையில் 'ரெண்டர்ட் மி ஸ்பீச்லெஸ்'. காரணத்தைச் சொல்ல 'வித்' வரும். 'ஸ்பீச்லெஸ் வித் ஆங்கர்', கோபத்தில் பேச்சிழந்து. நம் பிள்ளைகள் 'பிகாஸ் ஆஃப்' போட்டே பழகிவிட்டார்கள். தவறில்லை, ஆனால் 'வித்' போட்டால் வாக்கியம் இயல்பாக இருக்கும். 'வெரி ஸ்பீச்லெஸ்' வேண்டாம். பேச்சு போனது போனதுதான், அதில் மிக அதிகம் என்ன? முழுதும் என்று அழுத்த 'கம்ப்ளீட்லி', ஏறக்குறைய என்று சொல்ல 'ஆல்மோஸ்ட்'. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போடுவது குறைவு. 'எ ஸ்பீச்லெஸ் கேர்ள்' என்று எழுதினால் காதுக்கு ஏதோ இடறும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது இரண்டு குழிகள் உண்டு. 'பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார்' என்பது மயக்கநிலை. அதற்கு 'அன்கான்ஷியஸ்'. 'வாயில்லாப் பூச்சி' என்பவர் சாது, எதிர்த்துப் பேசாதவர். அவருக்கு 'மீக்'. இரண்டிலும் பேச்சும் வாயும் இருக்கின்றன, 'ஸ்பீச்லெஸ்' மட்டும் இல்லை.

அடித்துவிட்ட அந்தச் சொல்

'டம்ப்' என்ற சொல்லுக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் அது வெறுமனே பேச இயலாதவர் என்ற பொருளில்தான் இருந்தது. முட்டாள் என்ற பொருள் அமெரிக்காவில்தான் வலுத்தது. அங்கே குடியேறிய ஜெர்மானியர்களின் 'டும்' என்ற சொல்லின் தாக்கம் அதற்குக் காரணம் என்று சொல்லாய்வாளர்கள் கருதுகிறார்கள். ஜெர்மன் மொழியில் அதற்கு முட்டாள் என்று பொருள். இன்று இந்த இரண்டாவது பொருள் முதலாவதை விழுங்கிவிட்டது. பேச முடியாதவரை அந்தச் சொல்லால் குறிப்பது வசவு. 'டெஃப் அண்ட் டம்ப்', 'டெஃப்-மியூட்' போன்ற தொடர்களும் அப்படியே. பழைய அகராதிகளில் இவை இருக்கும். கட்டுரையில் எழுதாதீர்கள்.

இதில் தமிழும் யோக்கியமல்ல. 'ஊமை' என்பதை நாம் சொல்லும் தொனியை நினைத்துப் பாருங்கள். 'என்ன, ஊமை மாதிரி நிக்கிற?' என்று கேட்காத வீடு உண்டா? வகுப்பில் நானே கேட்டிருக்கிறேன்.

காது கேளாதவர்களிடம் மொழி இல்லை என்று நினைப்பதுதான் இந்தச் சொற்களுக்கெல்லாம் அடியில் கிடக்கும் தவறு. 2007-இல் வந்த, ராதாமோகன் இயக்கிய 'மொழி' படத்தை வீட்டில் பார்த்திருப்பீர்கள். ஜோதிகா நடித்த அர்ச்சனா என்ற பாத்திரம் காது கேளாது, வாய் பேசாது, ஆனால் அந்தப் படத்தில் அவளைப் போல் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர் யாருமில்லை. கையால் பேசுகிறாள். நம் நாட்டில் மலேசியச் சைகை மொழிக்குச் சட்டத்தில் இடம் உண்டு, 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதைக் குறிப்பிடுகிறது. பினாங்கில் காது கேளாதோருக்கான கூட்டரசுப் பள்ளி 1954-இலேயே தொடங்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தருகே இளைஞர்கள் வட்டமாக நின்று கையால் பேசிச் சிரிப்பதைக் காணலாம். காது கேளாதோருக்கான பணி அங்கே பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அந்த வட்டத்தைப் பார்த்து 'ஸ்பீச்லெஸ்' என்று சொல்ல உங்களுக்குத் தோன்றாது. அவர்களின் சைகை புரியாமல் நிற்கும் நமக்கு வேண்டுமானால் சொல்லலாம்.

'மியூட்' என்ற சொல்லையும் கேட்டார்கள். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்த பிறகு இந்தச் சொல்லைக் கற்றுத்தர வேண்டிய அவசியமே போய்விட்டது. திரையில் முப்பது கறுப்புக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் குறுக்குக்கோடு போட்ட ஒலிவாங்கி. அந்தப் பக்கம் தம்பியோடு சண்டை நடக்கும், இந்தப் பக்கம் சத்தம் வராது. 'மியூட்' என்பது ஒலி அடைபட்டது. 'சைலன்ட்' என்பது ஒலி எழுப்பாதது, பெரும்பாலும் விரும்பி. 'வேர்ட்லெஸ்' என்பது சொற்கள் இல்லாதது, ஆனால் பொருள் இருக்கலாம். 1987-இல் கமல்ஹாசன் நடித்து வசனமே இல்லாமல் வந்த 'பேசும் படம்' அப்படிப்பட்டது. அதற்குத் தமிழில் அந்தப் பெயரை வைத்தவர் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர்.

பாட்டியின் மூளையில் நடந்தது

மறுபடி பாட்டியிடம் போவோம். அவருக்கு நேர்ந்ததற்கு மருத்துவத்தில் 'அஃபேசியா' என்று பெயர். மூளையில் மொழியைக் கையாளும் பகுதி, பெரும்பாலானவர்களுக்கு இடது பக்கத்தில் இருக்கிறது. பக்கவாதத்தில் அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டால் பேச்சு போகலாம், புரிதல் போகலாம், எழுத்தும் போகலாம். ஒருவருக்குப் போவது இன்னொருவருக்குப் போகாது.

1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவரிடம் லெபோர்ன் என்ற நோயாளி வந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் வாயிலிருந்து வந்த ஒரே அசை 'தான்'. எதைக் கேட்டாலும் 'தான், தான்'. மருத்துவமனையில் அவருக்குப் பெயரே அதுவாகிவிட்டது. ஆனால் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது, கையால் பதில் காட்டினார். அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்த புரோக்கா, இடது முன்பகுதியில் சேதம் இருப்பதைக் கண்டார். பேச்சை உருவாக்கும் அந்த இடத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். சுவீடன் நாட்டுக் கவிஞர் தூமாஸ் டிரான்ஸ்டுரோமருக்கு 1990-இல் பக்கவாதம் வந்தது. பேச்சு பெரும்பாலும் போய்விட்டது, வலக்கை செயலிழந்தது. அதற்குப் பிறகும் கவிதை நூல்கள் வெளியிட்டார். இடது கையால் மட்டும் வாசிக்கக்கூடிய பியானோ இசையை வாசித்தார். 2011-இல் அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. உலகமே பாராட்டிய அந்தக் கவிஞரை எந்த ஆங்கிலப் பத்திரிகையாவது 'ஸ்பீச்லெஸ் போயட்' என்று எழுதினால், பரிசு கிடைத்த செய்தியில் திக்குமுக்காடிப் போனார் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார்.

இதை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் குறுக்கிட்டாள். "ஆனா டீச்சர், பாட்டி பாடுவாங்க." காலையில் மின்னல் எஃப்எம் வானொலியில் முருகன் பாட்டு வரும்போது பாட்டியும் கூடவே பாடுகிறாராம், சொல் பிசகாமல். தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாதவர் பாட்டின் இரண்டு வரியை முழுசாகப் பாடிவிடுகிறார். வீட்டில் சிலர், "பேச முடியும், வேணும்னே பேச மாட்டேங்கிறாங்க" என்று கூடச் சொன்னார்களாம்.

வேண்டுமென்றே அல்ல. அஃபேசியா உள்ளவர்களில் சிலருக்குப் பேச வராத சொற்கள் பாட்டாக வருவது மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒன்று. 1970-களில் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் இதையே ஒரு பயிற்சி முறையாக்கினார்கள். சின்னச் சின்னத் தொடர்களை மெட்டுப்போட்டு, கையால் தாளம் தட்டிச் சொல்லவைத்து, மெல்ல மெல்ல மெட்டை எடுத்துவிடுவார்கள். எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பேச்சு, மொழிச் சிகிச்சையாளரைப் பார்க்கச் சொன்னேன். இதற்கென்றே படித்தவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டப்படிப்பாகவே உள்ளது. அறிவியல் பிரிவில் இருக்கும் மாணவர்கள் இந்தத் துறையைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். வீட்டில் பாட்டி தாத்தாவிடம் தமிழிலேயே பேசிப் பயிற்சி தரக்கூடியவர்கள் அங்கே தேவை.

போகிற போக்கில் ஒன்று. வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று பேச்சு குழறினாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, கை தூக்க முடியாமல் போனாலோ, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 999.

பாட்டும் பரீட்சையும்

இந்தச் சொல்லைப் பாட்டில் கேட்டிருப்பவர்கள் கை தூக்கினார்கள். 2019-இல் வந்த 'அலாடின்' படத்தில் இளவரசி ஜாஸ்மினாக நடித்த நவோமி ஸ்காட் பாடும் பாட்டின் பெயரே 'ஸ்பீச்லெஸ்'. அங்கே பொருள் இன்னொரு பக்கம் சாய்கிறது. பேச்சைப் பறிப்பது உணர்ச்சி அல்ல, அதிகாரம். பேசாதே என்று அடக்குகிறார்கள், அவள் அடங்க மறுக்கிறாள். அகராதிப் பொருளை ஒரு பாட்டு இப்படி நகர்த்தலாம், கட்டுரையில் நீங்கள் நகர்த்தினால் நான் வட்டம் போடுவேன். 2016 முதல் 2019 வரை இதே பெயரில் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரும் வந்தது. பெருமூளை வாதத்தால் வாய் பேச முடியாத பதின்ம வயது இளைஞன் ஒருவன், எழுத்துப் பலகையைக் காட்டி, வீட்டில் எல்லாரையும்விடக் கிண்டலாகப் பேசுவான். தலைப்பு வேண்டுமென்றே வைத்த குறும்பு.

மைக்கைப் பிடித்து "ஐ ஆம் ஸ்பீச்லெஸ்" என்று தொடங்கி ஐந்து நிமிடம் பேசுகிற பிரமுகர்களைப் பற்றி ஒருவன் கேட்டான். அது மரியாதைக்குச் சொல்வது. தமிழில் 'என்ன பேசுவதென்றே தெரியவில்லை' என்று ஆரம்பித்து, மண்டபத்தில் சாப்பாடு ஆறும்வரை பேசுவதில்லையா?

எஸ்பிஎம் ஆங்கிலப் பேச்சுத் தேர்வு பற்றியும் கேட்டார்கள். இருவர் இருவராக உள்ளே போய், பதின்மூன்று நிமிடம், 24 புள்ளி. அங்கே வாய் வராமல் உட்கார்ந்திருப்பதும் 'ஸ்பீச்லெஸ்' தானா? பெரும்பாலும் இல்லை. கூச்சத்திலும் பதற்றத்திலும் நாக்கு ஒட்டிக்கொள்வதற்கு 'டங்-டைட்'. நாக்கைக் கட்டிப்போட்டது போல. சொல்லத் தெரியும், அந்த நேரத்தில் சரியான சொல் அகப்படவில்லை என்றால் 'அட் எ லாஸ் ஃபார் வேர்ட்ஸ்'. இரண்டும் குறையல்ல, எல்லாருக்கும் வருவது. கேள்வியைத் திருப்பிச் சொல்லுங்கள் என்று தேர்வாளரிடம் கேட்கலாம், குற்றமில்லை. கொஞ்சம் யோசிக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்வதும் பேச்சுத்தான். முவெட் எழுதப்போகும் அண்ணன் அக்காக்களுக்கும் இதுவே.

நம் ஊரின் பெயரில் 'காராங்' இருக்கிறது. மலாயில் அதற்குக் கடுமையானவர், சீறுகிறவர் என்று பொருள். 'பங்லிமா' என்றால் படைத்தலைவர். இப்படியொரு பெயருள்ள ஊரிலிருந்து போகும் பிள்ளைகள் தேர்வு அறையில் எலிக்குஞ்சு மாதிரி உட்கார்ந்திருக்கலாமா என்று கேட்டு அவர்களைச் சிரிக்க வைப்பது என் வழக்கம். இந்த வருடம் அந்தக் கேலியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

சரி, பாட்டிக்கு என்ன எழுதுவது? நான் இரண்டு வழி சொன்னேன். உடைமையாகச் சொல்வதானால், பாட்டி பேச்சை இழந்தார், 'லாஸ்ட் ஹெர் ஸ்பீச்'. இயலாமையாகச் சொல்வதானால், பக்கவாதத்துக்குப் பின் அவரால் பேச முடியவில்லை. அது அன்று தொடங்கி இன்றும் தொடர்வதால் 'இஸ்' வராது, 'ஹேஸ்' வர வேண்டும், 'சின்ஸ்' வர வேண்டும். என் முதல் வட்டம் அதற்குத்தான். பெயரடை ஒன்று இல்லையா டீச்சர் என்றாள். இல்லை. ஆங்கிலம் இன்று இந்த இடத்தில் பெயரடையைத் தவிர்த்து வாக்கியமாகவே சொல்லப் பார்க்கிறது. சகரியாவுக்குச் செய்ததும் அதைத்தான்.

அடுத்த வாரம் திருத்திய கட்டுரை வந்தது. "மை கிராண்ட்மதர் ஹேஸ் நாட் பீன் ஏபிள் டு ஸ்பீக் சின்ஸ் ஹெர் ஸ்ட்ரோக், பட் ஷி அண்டர்ஸ்டேண்ட் எவ்ரிதிங். எவ்ரி மார்னிங் ஷி சிங்ஸ்."

'அண்டர்ஸ்டேண்ட்' என்பதன் கடைசியில் ஓர் 'எஸ்' விட்டுப்போயிருந்தது. ஒரு சின்ன வட்டம் போட்டேன். ஓரத்தில் எதுவும் எழுதவில்லை.